பழைய கிட்டாரா, பழசாக்கப்பட்ட கிட்டாரா? கண்டுபிடிப்பது எப்படி?

2019 ஜூனில் நியூயார்க்கில் பிங்க் ஃபிளாய்டு கலைஞர் டேவிட் கில்மோரின் கிட்டார்களை கிறிஸ்டீஸ் நிறுவனம் ஏலம் விட்டது. அதில் ஒன்று வெள்ளை நிற ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அதன் வரிசை எண் 0001. விலை 18 லட்சத்து 15 ஆயிரம் டாலர்.

அப்போ, ஃபெண்டர் செய்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அதுதானா? இல்லை. 1954இல் செய்யப்பட்டது என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பே வேறு ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் தயாராகிவிட்டன. பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க நினைப்பவர்களுக்கு இதுதான் முதல் பாடம்: எண்ணை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

ஏன் இவ்வளவு விலை?

லியோ ஃபெண்டர் தன் நிறுவனத்தை 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முந்தைய கிட்டார்களுக்குத் தனி மதிப்பு. கிப்சன் நிறுவனத்தின் சன்பர்ஸ்ட் நிற லெஸ் பால் ஸ்டாண்டர்டு 1958 முதல் 1960 வரைதான் வந்தது. மொத்தம் சுமார் 1,500 இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. அசல் 1959 மாடல் இன்று லட்சக்கணக்கான டாலர். இவ்வளவு பணம் புரளும் இடத்தில் போலிகளும் வரத்தானே செய்யும்?

வரிசை எண்ணை நம்பலாமா?

பழைய ஃபெண்டர் கிட்டார்களில் எண் பெரும்பாலும் பின்பக்கத்தில், நெக் இணையும் இடத்தில் உள்ள உலோகத் தகட்டில் இருக்கும். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். வேறு கிட்டாரில் மாட்ட ஐந்து நிமிடம் போதும்.

1950களின் கிப்சனில் எண் ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் மையால் அச்சிடப்பட்டிருக்கும். 9இல் தொடங்கினால் 1959. ஆனால், பிற்காலத்தில் கிப்சனே அந்த மாடலை மறுபதிப்பாகச் செய்தபோது அதே பாணியில், 9இல் தொடங்கும் எண்களையே போட்டது. அந்த மறுபதிப்பு போலி அல்ல. அதை 1959 என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

உள்ளே திறந்து பார்த்தால்?

உண்மை அதிகம் வெளிப்படுவது உள்ளேதான். ஃபெண்டரின் நெக்கைக் கழற்றினால் அதன் அடிப்பகுதியில் பென்சிலிலோ முத்திரையிலோ தேதி இருக்க வாய்ப்பு உண்டு. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டரிலும் ஒரு குறியீடு இருக்கும். உதாரணமாக 1376633. முதல் 137 என்பது சிடிஎஸ் நிறுவனம். 66 என்பது 1966. 33 என்பது அந்த ஆண்டின் 33ஆவது வாரம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 1966இல் ஃபெண்டர் இந்த பாகங்களை மொத்தமாக வாங்கிக் குவித்தது. அடுத்த சில ஆண்டுகளுக்கும் அவற்றையே பயன்படுத்தியது. ஆகவே இந்தத் தேதி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கிட்டார் இதற்கு முன்னால் முழுமையாகியிருக்க முடியாது. '1963 கிட்டார்' என்று சொல்லி உள்ளே 1966 குறியீடு இருந்தால், ஒன்று பாகம் மாறியிருக்கிறது, அல்லது கதை பொய்.

பற்றவைத்த இடங்களையும் கவனியுங்கள். 60 வருட ஈயம் மங்கிப்போயிருக்கும். பளபளவென்று இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஆனால் சோதிப்பதாகச் சொல்லி அந்த ஈயத்தை உருக்கிவிடாதீர்கள். தொடப்படாத பற்றவைப்பே ஒரு சான்றுதான்.

மேல்பூச்சும் வடிவமும்

பழைய கிட்டார்களின் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் மெல்லியது. வயதாக ஆக மஞ்சளாகும், நுண்ணிய வெடிப்புகள் விடும். ஃபெண்டர் 1968 வாக்கில் தடிமனான பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. '1962' என்று சொல்லும் கிட்டாரில் பிளாஸ்டிக் போன்ற தடித்த பூச்சு இருந்தால் மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது ஒன்றே விலையைப் பாதியாக்கிவிடும் என்பது சந்தையில் புழங்கும் கணக்கு. கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் அடித்தால், பழைய லேக்கர் ஒரு மாதிரியும் புதிதாகப் பூசிய இடம் வேறு மாதிரியும் ஒளிரும்.

வடிவத்திலும் துப்பு உண்டு. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு வந்தது 1959இல். பெரிய ஹெட்ஸ்டாக் வந்தது 1965இன் பிற்பகுதியில். '1957 ரோஸ்வுட்', '1963 பெரிய ஹெட்ஸ்டாக்' என்றால் உடனே உஷாராகிவிடலாம்.

மலிவான கிப்சன் போலிகள் இன்னும் சுலபமாகச் சிக்கும். ஹெட்ஸ்டாக்கில் உள்ள மணி வடிவ மூடியில் அசலுக்கு இரண்டு ஸ்க்ரூதான். பல போலிகளில் மூன்று இருக்கும்.

கஷ்டமான விஷயம், பாதி உண்மையான கிட்டார்கள். 1950களில் வந்த தங்க நிற லெஸ் பாலைச் சுரண்டி, சன்பர்ஸ்ட் பூசி, 1959 ஆக்கியவர்கள் உண்டு. மரம் அசல், வயது அசல், ஆனாலும் அது 1959 சன்பர்ஸ்ட் அல்ல. பிக்அப்பின் அடியில் ஒட்டும் பழைய ஸ்டிக்கரின் நகல்கூட விற்பனைக்குக் கிடைக்கிறது.

எனவே 'அசலா, போலியா?' என்ற கேள்வி மட்டும் போதாது. 'இதில் எது எது அசல்?' என்று கேட்க வேண்டும். ட்யூனர் மாற்றிய, ஃப்ரெட் மாற்றிய பழைய கிட்டாரில் தவறே இல்லை. அது வாசிக்கப்பட்ட கருவி, அவ்வளவுதான். மாற்றத்தை மறைத்து முழு விலை கேட்பதுதான் தவறு. ஒவ்வொரு மாற்றத்தையும் எழுத்தில் தருவது விற்பவரின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது வாங்குபவரின் உரிமை.

வாங்கும் முன்

நெக் அடிப்பகுதி, உள் வயரிங், பொட்டன்ஷியோமீட்டர் குறியீடு ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். 'திறந்தால் மதிப்பு போயிடும்' என்று மறுத்தால் விட்டுவிடுங்கள். ஸ்க்ரூவைக் கவனமாகத் திறந்து மூடுவதால் எந்த மதிப்பும் குறையாது. 'தாத்தா வாங்கியது' என்ற கதைக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள். பழைய ரசீதோ புகைப்படமோ இருந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். பெரிய தொகை என்றால், விற்பவரோடு தொடர்பில்லாத நிபுணரிடம் காட்டுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இன்னொரு சிக்கல். பல பழைய கிட்டார்களின் ஃப்ரெட்போர்டு பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அந்த மரம் சைட்டஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. கிட்டார் அசலாக இருந்தாலும், உரிய அனுமதி இல்லையென்றால் சுங்கத்திலேயே நின்றுவிடும்.

வாசிக்கத்தான் கிட்டார் வேண்டும் என்றால் மறுபதிப்பே போதும். 1980களிலிருந்து ஃபெண்டரே தன் பழைய மாடல்களை மறுபடி செய்து விற்கிறது. சேகரிக்கத்தான் வேண்டும் என்றால் அவசரப்படாதீர்கள். எண், தேதி, பூச்சு, பாகங்கள் எல்லாம் ஒரே ஆண்டைச் சொல்லும்வரை முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.