காவலாளி ஆளை மாற்றிப் பிடித்தால்...?

கம்ப்யூட்டர் "ஆபத்து!" என்று கத்தும்போது என்ன செய்ய வேண்டும்?

பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. (அதாவது, "இது இந்த ஊர்ச் சரக்கு" என்று அரசாங்கம் தரும் முத்திரை.)

பூட்டு எதற்கு? திருடன் உள்ளே வராமல் இருக்க.

ஆனால், வீட்டுக்காரரே வந்து நின்றாலும் பூட்டு திறக்கவில்லை என்றால்?

கம்ப்யூட்டர் உலகில் இப்படி ஒரு தொல்லை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மனு என்ன ஆனது?

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளை திங்கள். கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள்.

வேடசந்தூர் பக்கத்து விவசாயி ஒருவர், மகளை அழைத்துக்கொண்டு திண்டுக்கல்லில் ஒரு டைப் அடிக்கும் கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டாவில் பெயர் தப்பாக இருக்கிறது. மனு எழுத வேண்டும்.

கடைக்காரர் கம்ப்யூட்டரில் தமிழில் அடிக்கத் தொடங்குகிறார். பாதி மனு முடிந்தது.

திடீரென்று திரையில் ஒரு சிவப்புக் கட்டம்! "ஆபத்து கண்டுபிடிக்கப்பட்டது" என்று ஓர் அறிவிப்பு! அதற்குப் பிறகு தமிழ் எழுத்தே வரவில்லை.

"வைரஸ் வந்துடுச்சு, ஐயா. எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தான் மறுபடி போடணும். ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

"அப்பா, நாளைக்குத்தானே மனு கொடுக்கணும்?" என்கிறாள் மகள்.

உண்மையில் வைரஸ் எதுவும் வரவில்லை. தமிழில் அடிக்க உதவும் சாப்ட்வேரையே, காவலுக்கு இருந்த "ஆன்ட்டி வைரஸ்" திருடன் என்று நினைத்துப் பிடித்துவிட்டது!

ஏன் இந்தத் தப்பு?

ஆன்ட்டி வைரஸ் என்பது கம்ப்யூட்டரின் காவலாளி. அது மூன்று வழிகளில் திருடனைத் தேடுகிறது.

ஒன்று, கைரேகை. பழைய வைரஸ்களின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கும்.

இரண்டு, நடத்தை. "இது செய்கிற வேலை சரியில்லையே!" என்று சந்தேகப்படும்.

மூன்று, அறிமுகம். "இந்த ஆளை இதற்குமுன் நான் பார்த்ததே இல்லையே!" என்று தடுத்து நிறுத்தும்.

தமிழ் எழுத்துச் சாப்ட்வேர் என்ன செய்கிறது? நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் கவனித்து, அதைத் தமிழாக மாற்றுகிறது. பாஸ்வேர்டைத் திருடும் வைரசும் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் கவனிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும்.

மேலும், பெரிய கம்பெனியின் சாப்ட்வேரைக் கோடிப் பேர் வைத்திருப்பார்கள். சின்ன ஊரில் ஒருவர் எழுதிய பில் போடும் சாப்ட்வேரைச் சில கடைக்காரர்கள்தான் வைத்திருப்பார்கள். அதனால் முகம் தெரியாதவர்மேல் சந்தேகம் விழுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

10 ஆயிரம் பைல்கள் உள்ள கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உண்மையான வைரஸ் ஒன்றே ஒன்று.

காவலாளி மிகவும் கெட்டிக்காரன். ஆயிரம் நல்லவர்களைப் பார்த்தால் ஒருவரைத்தான் தவறாகப் பிடிப்பான். அப்படியானால் 10 நல்ல பைல்கள் மாட்டிக்கொள்ளும். திருடன் ஒருவன், மாட்டிக்கொண்டவர்கள் மொத்தம் பதினொரு பேர்!

எனவே, அறிவிப்பு வருவது சந்தேகம் மட்டுமே. அது தீர்ப்பு அல்ல.

ஆஸ்பத்திரியும் தப்பவில்லை

பெரிய கம்பெனிகளும் இதில் சறுக்கியிருக்கின்றன.

2010-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந்தேதி, அமெரிக்காவின் மெக்காபி கம்பெனி தன் ஆன்ட்டி வைரசுக்குப் புதிய பட்டியல் ஒன்றை அனுப்பியது. அது, விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் இயங்குவதற்கு மிகவும் தேவையான ஒரு பைலையே வைரஸ் என்று பிடித்துவிட்டது! கம்ப்யூட்டர்கள் தானாகவே அணைந்து, மறுபடி மறுபடி எழுந்தன.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டு மாநிலத்தில் சில ஆஸ்பத்திரிகள், படுகாயம் அடைந்தவர்களைத் தவிர மற்ற அவசர நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவில் பெரிய மளிகைக் கடைகள் சில, பில் போட முடியாமல் மூடப்பட்டன. மெக்காபி அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது.

2012-ம் ஆண்டு செப்டம்பரில் நடந்தது இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தின் சோபோஸ் கம்பெனியின் காவலாளி, தன்னுடைய சொந்தப் பைல்களையே வைரஸ் என்று பிடித்தது. தன்னைத் தானே கைது செய்த போலீஸ்காரர் மாதிரி!

நீங்கள் என்ன செய்யலாம்?

பதறாதீர்கள். உடனே அழிக்காதீர்கள். "குவாரன்டைன்" என்று ஒரு வழி இருக்கிறது. அது பைலைத் தனி அறையில் அடைத்து வைக்கும். நிரபராதி என்று தெரிந்தால் வெளியே விடலாம். அழித்துவிட்டால் மீட்பது கஷ்டம்.

பைலின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அது எங்கிருந்து வந்தது? தயாரித்தவரின் சொந்த இணையதளத்திலிருந்தா? யாரோ கொடுத்த பென் டிரைவிலிருந்தா? பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

ஆன்ட்டி வைரசின் பட்டியலைப் புதுப்பித்து, மறுபடி சோதியுங்கள். கம்பெனி அதற்குள் தவறைத் திருத்தியிருக்கலாம்.

"வைரஸ்டோட்டல்" என்ற இலவச இணையதளத்தில் அந்தச் சாப்ட்வேரைக் கொடுத்தால், பல கம்பெனிகளின் ஆன்ட்டி வைரஸ்கள் ஒரே சமயத்தில் அதைப் பரிசோதிக்கும். ஒன்றிரண்டு மட்டும் குறை சொன்னால் தவறான அறிவிப்பாக இருக்கலாம். நிறைய சொன்னால் அது திருடன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால், பட்டா, ஆதார், பேங்க் கணக்கு போன்ற சொந்தத் தஸ்தாவேஜுகளை அங்கே போடாதீர்கள். மற்றவர்களும் பார்க்க வழி உண்டு.

நல்ல பைல் என்று உறுதியானால், அந்த ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஆன்ட்டி வைரஸ் கம்பெனிக்கும் தகவல் அனுப்புங்கள். உங்களால் இன்னும் பல பேர் தப்புவார்கள்.

இரண்டு ஏமாற்று

"தப்பான அறிவிப்பு" என்ற பேச்சைத் திருடர்களும் பயன்படுத்துகிறார்கள். ஜாக்கிரதை!

காசு கொடுக்காமல் கிடைக்கும் திருட்டுச் சாப்ட்வேர்களோடு ஒரு குறிப்பு வரும்: "முதலில் ஆன்ட்டி வைரசை நிறுத்துங்கள். அது சும்மா கத்தும்." காவலாளியைத் தூங்க வைக்கச் சொல்பவன் யார்? சொல்லவும் வேண்டுமா!

இன்னொன்று, இணையத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்! இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்!" என்று திரை முழுவதும் அறிவிப்பு வரும். அது காவலாளியின் குரல் அல்ல. திருடனே "திருடன்! திருடன்!" என்று கத்துகிறான். போன் செய்யாதீர்கள். பணம் கட்டாதீர்கள். ஏமாந்து பணம் போய்விட்டால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

காவலாளியை அனுப்பிவிடலாமா?

"எத்தனை தடவைதான் கத்தும்? நிறுத்திவிடுவோம்" என்று பலருக்குத் தோன்றும். அதுதான் பெரிய ஆபத்து.

"புலி வருது, புலி வருது" என்று பொய் சொன்ன பையன் கதையை எல்லோரும் கேட்டிருக்கிறோம். உண்மையிலேயே புலி வந்த அன்று, உதவிக்கு யாரும் வரவில்லை. பொய் சொன்னவன் பையன்தான். ஆனால், ஊராரும் அன்று எட்டிப் பார்க்கவில்லையே! ஆடுகளைக் காப்பாற்ற ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

சரி, அந்த விவசாயியின் மனு?

விண்டோஸிலேயே தமிழ் கீபோர்டு இருக்கிறது. கடைக்காரர் அதைத் தேர்ந்தெடுத்து, மீதி மனுவை அப்போதே முடித்திருக்கலாம். பிடிபட்ட சாப்ட்வேரைப் பிறகு நிதானமாக விசாரித்திருக்கலாம். அப்பாவும் மகளும் திங்கட்கிழமை காலையில் மனுவோடு வரிசையில் நின்றிருப்பார்கள்.

ஒரு தடவை சிக்கிக்கொண்டது என்பதற்காக நல்ல பூட்டை யாரும் குப்பையில் எறிவதில்லை. எண்ணெய் விட்டுச் சரி செய்கிறோம். இதை நம் திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.