மழை மாதத்துக்கும் கணக்குக் கேளுங்கள்!



வீட்டு மாடியில் சோலார் தகடு வைப்பது பற்றி நம் கடைக்காரர்களிடையே பேச்சு பலமாக நடக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். அதிலிருந்து சோலார் விற்பனைப் பிரதிநிதிகள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மேகமூட்டமாக இருந்தால் கரண்ட் வருமா?" என்பதுதான். "வரும் சார், மழையிலும் வரும்" என்று பதில் கிடைக்கிறது. அந்தப் பதில் பொய்யல்ல. ஆனால் எடை போடாமல் கட்டிக் கொடுத்த பொட்டலம் அது. எவ்வளவு வரும் என்று கேட்பதுதான் வியாபாரிக்கு அழகு.

தகடு வேலை செய்வது வெயிலின் சூட்டினால் அல்ல, ஒளியினால். மேகம் மூடினாலும் பகல் வெளிச்சம் இருக்கிறதல்லவா? அது சிதறி எல்லாப் பக்கத்திலிருந்தும் தகட்டின் மேல் விழுகிறது. விழுகிற அளவுக்கு மின்சாரமும் உண்டாகிறது. சென்னையில் 1 கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட். மெல்லிய மேகம் ஓடும் நாளில் இது 6 முதல் 9 யூனிட்டாகக் குறையலாம். கருமேகம் கவிந்து நாள் முழுதும் மழை பிடித்துக்கொண்டால் 2 அல்லது 3 யூனிட் கிடைத்தாலே பெரிது. புயல் கரையை நெருங்கும் நாளில் அதுவும் தேறாது.

இதற்கு நேர்மாறான ஒரு சேதியும் உண்டு. அக்னி நட்சத்திரத்து வெயிலில் தகடு அமோகமாக வேலை செய்யும் என்று நினைக்கிறோம். தகட்டின் மீது எழுதியிருக்கும் திறன் 25 டிகிரி சூட்டில் அளந்தது. மே மாதத்து மொட்டை மாடியில் தகடு 60 டிகிரிக்கும் மேல் காய்ந்துவிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை திறன் குறைவதால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் சூட்டிலேயே போய்விடுகிறது. மழை பெய்து ஓய்ந்து, தகடு குளிர்ந்து, வானம் வெளுத்த நாளில் அதே தகடு நன்றாகவே உழைக்கும்.

மழைக்கால இழப்பை எப்படிப் பார்ப்பது? நாம் ஒரு நாள் விற்பனையை வைத்துக் கடையின் லாப நஷ்டத்தைச் சொல்வதில்லை. ஆண்டு முடிவில் ஐந்தொகை பார்க்கிறோம். ஆண்டில் 25 நாட்கள் வானம் முழுதாக இருண்டு, நாளுக்கு 10 யூனிட் குறைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு 250 யூனிட். 3 கிலோவாட் தகடு ஆண்டு முழுதும் தருவதோ 4,300 யூனிட்டுக்கு மேல். மூட்டைக்கு மூட்டை நாம் தாங்கும் சேதாரம் போல்தான் இதுவும். நான் சொன்ன 4 யூனிட் சராசரியில் மழை நாட்கள் ஏற்கெனவே கழிந்துவிட்டன. மறுபடியும் கழிக்க வேண்டியதில்லை. வெயில் நாளில் மிஞ்சிய யூனிட்டை மின்வாரியத்துக்கு அனுப்பி, வீட்டு இணைப்பில் வரவு வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஜெர்மனி நாட்டில் 1 கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 யூனிட்தான் தருகிறது. நமக்கு 1,400-க்கு மேல். அப்படியிருந்தும் அங்கே லட்சக்கணக்கான கூரைகளில் தகடு இருக்கிறது. ஆகவே மேகத்துக்குப் பயந்து சோலாரை ஒதுக்குவது சரியல்ல.

நாம் பயப்பட வேண்டிய இடம் வேறு. நம்மில் பலர் சோலார் வாங்க நினைப்பதே புயல் மழையில் கரண்ட் போனால் பாலும் தயிரும் ஐஸ்கிரீமும் கெட்டுப்போகாமல் இருக்கத்தான். ஆனால் மானியத்தில் சாதாரணமாகப் பொருத்திக் கொடுப்பது மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடும் வகை. தெருவில் கரண்ட் நின்றால் அந்த வகை இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியருக்கு நம் வீட்டு மின்சாரம் பாய்ந்து ஆபத்து வரக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அது நியாயமான ஏற்பாடு. ஆனால் வெயில் சுள்ளென்று அடித்தாலும் உங்கள் குளிர்பெட்டி ஓடாது. இதை விற்பவர் சொல்ல வேண்டும். பல பேர் சொல்வதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி, எண்ணூர், சடையங்குப்பம் பகுதிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். மழை விட்ட பிறகும் தண்ணீர் வடியாத இடங்களில் கரண்ட் வரவில்லை. அந்த நாட்களுக்குச் சோலார் உதவ வேண்டுமென்றால் பேட்டரியும், அதற்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் வேண்டும். செலவு கணிசமாகக் கூடும். அப்போதும், இருண்ட வானத்தில் கிடைக்கும் 2, 3 யூனிட்டில் ஒரு குளிர்பெட்டியும் இரண்டு விளக்கும் ஓட்டலாமே தவிர, கடை முழுதையும் ஓட்ட முடியாது. 2021 நவம்பரில் பூண்டி ஏரி உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் வந்தபோது சடையங்குப்பமும் மணலி புதுநகரும் தண்ணீரில் மிதந்தன. இந்த ஊரில் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் தரைத்தளத்தில் மாட்டுவது பணத்தை ஆற்றில் போடுவதற்குச் சமம். மாடிப்படிக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள்.

நம் வட்டாரத்துக்கென்று இன்னொரு எதிரியும் உண்டு. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள். காமராஜர் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது. போதாதற்குக் கடல் உப்புக் காற்று. மேகம் வந்து போய்விடும், தகட்டில் படிந்த சாம்பல் துடைத்தால்தான் போகும். மழை ஓரளவு கழுவிக் கொடுக்கும். மழையில்லா மாதங்களில் வெயிலுக்கு முன் காலையிலேயே, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது நல்ல தண்ணீர் விட்டுத் துடைக்க ஆள் வேண்டும். இதையும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டுமே. கடை மீட்டருக்குக் கிடையாது. வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு வயர் இழுப்பது விதிமீறல். பிடிபட்டால் அபராதம் கட்டுவது நாம்தான், விற்றவர் அல்ல. வணிக இணைப்புக்கு மின்வாரியத்தில் விதிகள் வேறு. பிரிவு அலுவலகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

ஆகவே முதலில் உங்களுக்கு வேண்டியது எது என்று தீர்மானியுங்கள். மின்கட்டணம் குறைய வேண்டுமா, கரண்ட் போனால் சரக்கு கெடாமல் இருக்க வேண்டுமா? முன்னதற்குப் பேட்டரி தேவையில்லை, மேகத்துக்கும் பயப்பட வேண்டாம். பின்னது வேண்டுமென்றால் பேட்டரி இல்லாத சோலார் ஒரு பைசாவுக்கும் பயனில்லை. பிறகு விற்பவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: மே மாதம் எத்தனை யூனிட், நவம்பர் மாதம் எத்தனை யூனிட் என்று தனித்தனியாக, தெருவில் கரண்ட் போனால் எது ஓடும், எது ஓடாது என்று, பழுதானால் எத்தனை நாளில் வந்து பார்ப்பார்கள் என்று.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மூன்றையும் கொண்ட பொதுவான விலைப்புள்ளிப் படிவம் ஒன்றைச் சங்கமே அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். அதை நிரப்பிக் கையெழுத்திட மறுக்கும் கம்பெனியிடம் யாரும் வாங்க வேண்டாம். தனித்தனியாகக் கேட்டால் பிரதிநிதி சிரித்து மழுப்புவார். நூறு கடைக்காரர்கள் ஒரே படிவத்தை நீட்டினால் பதில் சொல்லித்தான் தீர வேண்டும். பருப்பு மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் இறக்குவதில்லை. இருபத்தைந்து வருடம் மாடியில் இருக்கப் போகிற பொருளையும் அப்படியே பார்த்து வாங்குவோம்.