பாடபேதமற்ற பிழை

ஏடு பெயர்த்தெழுதியோரின் பிழை ஏட்டுக்கு ஏடு வேறுபடும். அதனால்தான் தஞ்சை சரசுவதி மகால் சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தை நாம் நெருங்க முடிகிறது. வலைப்பின்னல் கருவிகளைக் கையால் அமைத்தாலும் இத்தகைய பாடபேதங்கள் மலியும். 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்க முனைந்த தமிழகத்துக்கு, பொது வார்ப்புருவில் ஊர்தோறும் முகவரி முதலியவற்றை மட்டும் நிரப்பும் தானியங்கு முறையே ஏற்றது என்போம்.

ஆனால் வார்ப்புருவின் பிழைக்குப் பாடபேதமில்லை. எல்லா ஊரிலும் அதுவே. 2021 அக்டோபர் 4 அன்று ஒரே கட்டளை பேஸ்புக்கை ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடக்கியது. அதைத் தடுத்திருக்க வேண்டிய சோதனை நிரலே பழுதாம்!

மேட்டூர் திறக்கும் நாளில் முழு நீரையும் விடுவதில்லை, படிப்படியாகவே கூட்டுகிறார்கள். வார்ப்புருவையும் முதலில் இரண்டு ஊராட்சிகளில் ஓட்டிப்பார்க்கலாம், பழைய அமைப்புக்கு மீளும் வழியைக் கையில் வைத்துக்கொண்டு.