ஆற்றுப்படையும் ஒரு பழைய விளையாட்டும்

கல்லூரி மலரொன்றிலே தமிழாசிரியர் எழுதுவதென்றால், அது சங்கப் புலவரைப் பற்றியோ சமயாசாரியரைப் பற்றியோ இருத்தல் வேண்டுமென்பது பலரது எண்ணம். நாமோ இம்மலரிலே ஒரு கணினி விளையாட்டைப் பற்றி எழுதத் துணிந்துள்ளோம். கண்டவுடன் முகஞ் சுளிக்கும் அன்பர்கள் இறுதிவரை பொறுமையுடன் வாசிப்பாராயின், சங்கப் புலவரை விட்டு நாம் வெகுதூரம் போய்விடவில்லை என்பதை உணர்வர்.

இன்று எமது மாணாக்கரிற் பலர் ஓய்வு நேரத்தைக் கழிப்பது திறந்த உலக விளையாட்டுக்களிலேயாம். ஒரு பாத்திரத்தின் வேடம் பூண்டு, பரந்ததொரு கற்பனை நாட்டினுள்ளே விரும்பிய திசையிற் சென்று, விரும்பிய கருமத்தை மேற்கொண்டு உலாவுதல் இவ்வகை ஆட்டத்தின் இயல்பு. இவற்றுட் பெயர்பெற்ற தொடர்களுள் ஒன்று, அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனத்தார் 1994-ஆம் ஆண்டிலே தொடங்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்பது. அதன் ஐந்தாம் பாகமாகிய ஸ்கைரிம் 2011-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. உயர்தர வகுப்பு மாணவனொருவன் அதன் சிறப்பை எம்மிடம் ஓயாது பேசுவான். ஆயின் அவன் வீட்டிலிருந்த பழைய கணினிக்கு அதனை இயக்கும் வலிமை இல்லை. ஆகவே அவன் அத்தொடரின் மூன்றாம் பாகமாகிய மொரோவிண்டை நாடினான். அது 2002-ஆம் ஆண்டினது. 256 மெகாபைட் நினைவகம் உள்ள கணினியே அந்நாளில் அதற்குப் போதுமானதாயிருந்தது. "புதுசு கிடைக்காதவனுக்குப் பழசு, சேர்" என்று சொல்லிச் சிரித்தான். அச்சிரிப்பிலே கலந்திருந்த ஏக்கமே எம்மை அவனருகில் அமரச் செய்தது.

ஆட்டத்தின் தொடக்கமே எம் உள்ளத்தைத் தொட்டது. கதைத் தலைவன் கைதியாய்க் கப்பலில் வந்து, முன்பின் அறியாத தீவொன்றிலே இறக்கப்படுகின்றான். எழுதுவினைஞர் ஒருவர் அவனைப் பற்றிய விவரங்களைக் கேட்டுப் பதிந்து கொள்கின்றார். பின்னர் அவன் கையில் ஒரு பொதியும், செல்லும் வழியை எழுதிய ஒரு தாளும் கொடுக்கப்படுகின்றன. மண்டபம் முகாமிலே பெயர் பதிந்து, கடல் கடந்து, ஊவா மலைகளுக்கு ஏறி வந்தோரின் பேரப்பிள்ளைகள் இக்காட்சியை வேற்று நாட்டுக் கதையென்று தள்ளிவிடுதல் அரிது.

பொதியைக் குறித்த ஊரிலுள்ள ஒருவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். நாமோ வழித்தாளை மேலோட்டமாய்ப் பார்த்துவிட்டு நடக்கலானோம். சிறிது நேரத்திற் சதுப்பு நிலமொன்றில் அகப்பட்டு, எப்பக்கம் திரும்புவதென்று அறியாது விழித்தோம். "சொன்னதை வாசிக்காம நடந்துட்டீங்களே, சேர்" என்றான் மாணவன். இருபது ஆண்டுகளாய் வகுப்பறையிலே நாம் மாணாக்கரைப் பார்த்துச் சொல்லிவந்த வாக்கியம், அன்று எம்மையே நோக்கித் திரும்பி வந்தது.

இந்த விளையாட்டிலே வழிகாட்டும் அம்புக்குறி இல்லை. 2006-இல் வந்த நான்காம் பாகமாகிய ஒப்லிவியனிலும், அதன்பின் வந்த ஸ்கைரிமிலும், செல்லுமிடத்தைக் காட்டும் குறியொன்று திரையிலே எப்பொழுதும் தெரியும். அதனை நோக்கி நடந்தாற் போதும். மொரோவிண்டிலோ வழி முழுவதும் சொல்லிலே உள்ளது. வடக்கே போ, பாலத்தைக் கட, ஆற்றின் கரையோடு செல், பாதை இரண்டாய்ப் பிரியுமிடத்திலே இடப்பக்கம் திரும்பு என்று ஊரார் உரைப்பர். உரைத்தவை நாட்குறிப்பிலே பதிவாகும். அதனை வாசித்து, நிலத்தைப் பார்த்து, இரண்டையும் பொருத்தி அறிபவனே இடத்தை அடைவான். சொல்பவர் சிற்சில வேளை தவறாகச் சொல்லிவிடுவதும் உண்டு, அதுவும் உலகியல்பே.

பழையதென்பதற்காக அதன் குறைகளை மறைக்க நாம் விரும்பவில்லை. தலைவனின் நடை ஆமை நடை. பகைவன்மீது வாள் படுவதைக் கண்ணாற் கண்டும், கணினி உள்ளே உருட்டும் காய் 'தவறியது' என்று தீர்ப்பளிக்கும். உரையாடல் பெரும்பாலும் எழுத்து வடிவிலேயே இருத்தலின் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே நேர்ந்தது. ஆயினும் ஆசிரியரென்ற முறையில் நாம் மெச்சும் இரண்டு செய்திகள் அதனுள் உள. முதலாவது, வழியிலே வானத்திலிருந்து அலறிக்கொண்டு வீழ்ந்து மாயும் ஒரு மந்திரவாதி. உயரத் தாவும் மந்திரத்தை எழுதிய அவன், இறங்கும் வகையை எண்ணாது போயினான். அரைக் கல்விக்கு இதனினும் எளிய உவமை வேறு வேண்டுமோ? இரண்டாவது, கதைக்கு இன்றியமையாத ஒருவரை நாம் கொன்றுவிட்டால், ஆட்டம் எம்மைத் தடுப்பதில்லை. விதியின் இழை அறுந்ததென்று மட்டும் அறிவித்துவிட்டு, பாழான அவ்வுலகிலேயே தொடர்ந்து வாழவும் விட்டுவிடுகின்றது. செய்த வினைக்குச் செய்தவனே பொறுப்பு என்பதை இத்துணைத் தெளிவாய்ச் சொல்லும் விளையாட்டுக்கள் மிகச் சிலவே.

இனி, தமிழுக்கு வருவோம். பத்துப்பாட்டினுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள் என்பதை நம் பழைய மாணவர் மறந்திரார். வள்ளலொருவனிடம் பரிசு பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்ப்படுபவனுக்கு அவ்வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுதலே ஆற்றுப்படை. ஆறு என்பது வழி. தொல்காப்பியரும் இவ்வகையைக் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர்க்கு உரியதாய் வகுத்தார். மலைநாட்டவராகிய எமக்கு இவற்றுள் மிக அணுக்கமானது மலைபடுகடாம். நன்னனது மலைநாட்டுக்குச் செல்லும் கூத்தரை நோக்கி, பன்றிக்கு வெட்டிய பொறிக்குழிகள் எங்குள்ளன, வழுக்கும் இடம் எது, பாம்பு மறைந்திருக்கும் இடம் எது, தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்களுக்கு எங்ஙனம் ஒதுங்குவது, எவ்வூரில் விருந்து கிடைக்கும் என்றெல்லாம் பெருங்கௌசிகனார் எடுத்துரைக்கின்றார். சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிலும் மாங்காட்டு மறையோன் மதுரைக்குச் செல்லும் மூன்று நெறிகளைக் கோவலனுக்கு விரித்துரைக்கின்றான். சென்று வந்தவன் செல்லப்போகிறவனுக்குச் சொல்லும் சொல், இலக்கியமாகவே நம் மொழியில் நிலைபெற்றது. அதே செயலைத்தான் அயல்நாட்டாரின் அப்பழைய விளையாட்டும் செய்கின்றது. இதனைக் கூறியபொழுது மாணவன் வியந்தான். 'பாடப்புத்தகத்திலே மனனஞ் செய்யத்தான் ஆற்றுப்படை என்று எண்ணியிருந்தேன்' என்று அவன் கூறியது எமக்கு நாணத்தையே தந்தது.

இஃது இலக்கிய நயத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. தோட்டத்து லயங்களிலே வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெருப்பெயரும் வீட்டு இலக்கமுங் கொண்ட தனி முகவரி நெடுங்காலமாய் இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்தே கைமாறி வரும். பசறையிலும் நமுனுகுலைச் சாரலிலும் ஹாலிஎலையிலும் மடுல்சீமையிலும் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க இன்றும் வாய்ச்சொல்லே துணை.

சில ஆண்டுகளின் முன், மழைக்கால இரவொன்றிலே, தோட்டமொன்றில் எமது மாணவனொருவனின் பாட்டனாருக்கு நெஞ்சுநோவு கண்டது. நாம் அன்று அயல் லயத்திலே ஒரு சாவு வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவசர ஊர்திக்குத் தொலைபேசியில் அழைத்தார்கள். ஊர்தி வந்தது, ஆனால் தேயிலைத் தொழிற்சாலை வாசலிலே நின்றுவிட்டது. தொலைபேசிப் படத்தின் குறி அங்கேதான் காட்டிற்று. சாரதி வழி கேட்டார். தமிழ்ப் பாடத்திலே வகுப்பில் முதல்வனாகிய எம் மாணவன், "இங்கதான், லயத்துக்குப் பக்கத்துல" என்று திரும்பத் திரும்பச் சொன்னானே அன்றி, வழியைச் சொல்ல அறிந்திலன். அருகிலிருந்த நாமும் அவ்விடத்துக்குப் புதியவராதலின் கைபிசைந்து நின்றோம்.

அப்பொழுது கொழுந்தெடுத்து முதுமையடைந்த அம்மையாரொருவர் தொலைபேசியை வாங்கினார். "தம்பி, வந்த வழியே திரும்பிச் சின்னப் பாலத்தத் தாண்டுங்க. இடக்கைப் பக்கம் ஏத்தம் வரும், அதுல ஏறுங்க. மாரியம்மன் கோயில் வரும், நிக்காதீங்க. அதுக்கு மேல பழைய பிரட்டுக்களம். அங்கருந்து மூணாவது லயம். தண்ணி ஓடுற எடத்துல வழுக்கும், பாத்து வாங்க. வாசல்ல லாம்பு வச்சிக்கிட்டு ஆள் நிப்பாங்க." இவ்வளவே. ஊர்தி பத்து நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தது, பெரியவர் பிழைத்தார்.

பள்ளி சென்றறியாத அவ்வம்மையார் சொன்னதைப் பின்னர் நாம் எண்ணிப் பார்த்தோம். திசை, அடையாளம், எண்ணிக்கை, அபாயம், முடிவிற் காத்திருக்கும் விளக்கு. மலைபடுகடாத்தின் அமைப்பு முழுவதும் அதனுள் இருந்தது. எமது மாணவனுக்கோ ஆற்றுப்படையின் இலக்கணம் தெரிந்திருந்தது; ஆற்றுப்படுத்தத் தெரியவில்லை. அக்குறை அவனுடையதன்று, கற்பித்த எம்முடையது.

ஆதலின் எமது கருத்து இது. புதிய விளையாட்டுக்களையோ தொலைபேசி வழிகாட்டியையோ வேண்டாவென்று நாம் சொல்லவில்லை; அவற்றின் நன்மை பெரிது. ஆனால் அம்புக்குறியை மட்டும் நோக்கி நடப்பவன் வந்த வழியைப் பார்ப்பதில்லை; பாராததை அவனாற் பிறர்க்குச் சொல்லவும் இயலாது. அம்புக்குறி அணைந்துவிடும் இரவுகள் எம் மலைகளிலே உண்டு. ஆகவே ஒரு முறையேனும் அக்குறி இல்லாத பழைய ஆட்டத்தை ஆடிப் பாருங்கள் என்று மாணாக்கருக்குச் சொல்வோம். 'விளையாட்டினாற் படிப்புக் கெடும்' என்னும் பெற்றோர்க்கும் ஒரு சொல்: எத்துணை நேரம் ஆடுகிறான் என்று கேட்பதோடு, ஆடுவது அவனை வாசிக்கச் செய்கின்றதா என்றும் கேளுங்கள்.

இம்மலர் வெளிவரும் ஆண்டிலே கல்லூரி ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். ஒவ்வொரு மாணவனும் கல்லூரி வாயிலிலிருந்து தன் வீட்டுவாசல் வரையுள்ள வழியைப் பிறர் கண்டறியுமாறு தமிழில் ஒரு பக்கம் எழுதுக. வேறொரு மாணவன் அதனைக் கையிற் கொண்டு நடந்து பார்த்துத் திருத்துக. பழைய மாணவர் தாம் பிறந்த லயத்துக்குரிய வழியை எழுதி அனுப்புக. இவற்றைத் தொகுத்து நூலகத்திலே வைப்போம். 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபொழுது, உள்ளே அகப்பட்டோர் எத்தனை பேர் என்பதே முதலிற் பலவாறாகச் சொல்லப்பட்டது. எவர் எங்கு வாழ்கின்றார் என்பது எழுத்திலும் இருத்தல் வேண்டுமென்பதற்கு இதனின் மேலான சான்று வேண்டியதில்லை.

அம்மாணவன் மொரோவிண்டை ஆடி முடித்துவிட்டான். தன் லயத்துக்குரிய வழியை எழுதி முதலிற் கொண்டு வந்து தந்தவனும் அவனே. அதனை வாசித்துக்கொண்டு நாம் சென்றோம், ஓரிடத்திலும் தவறவில்லை. வாசலிலே அவன் நின்றிருந்தான்.