சீனக்குடா: பத்திரம் எழுதாமலே கைமாறிய குதங்கள்

ஒரு தொழிலை விற்க முனைபவர் முதலில் காணி உறுதி, குத்தகைப் பத்திரம், பங்குரிமை ஆகியவற்றைச் சீர்செய்வார். சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் விடயத்தில் இந்த ஒழுங்கு தலைகீழானது என்றே நான் கருதுகிறேன்.

எரிபொருள் விநியோகத்தில் போட்டியை உருவாக்கவென அரசாங்கம் களஞ்சிய வசதிகளைத் தனி நிறுவனமாகப் பிரித்தது. அதில் மூன்றிலொரு பங்கு லங்கா ஐஓசிக்குச் சென்றது. இன்னொரு போட்டியாளருக்கென ஒதுக்கிய பங்கு விற்கப்படவேயில்லை.

2003 பெப்ரவரி 7 உடன்படிக்கையின்படி 99 குதங்களும் 35 ஆண்டுக் குத்தகைக்குச் செல்ல வேண்டும். முறையான குத்தகைப் பத்திரம் ஆறு மாதங்களுக்குள் எழுதப்பட வேண்டும். அது எழுதப்படவில்லை. கீழ்த்தொகுதியிலுள்ள 15 குதங்களே பயன்பாட்டுக்கு வந்தன. மேல்தொகுதியின் 84 குதங்களைக் காடு மூடியது.

சிக்கல் 2022 ஜனவரியில்தான் ஓரளவு தீர்ந்தது. 14 குதங்கள் லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு. அந்தக் கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம்.

குடாவின் மறுகரையில் சம்பூர் இருக்கிறது. 2006 இல் இடம்பெயர்ந்த அம்மக்கள், உறுதிகள் கையிலிருந்தும் 818 ஏக்கருக்காக 2015 வரை காத்திருந்தனர். மக்களிடம் பத்திரம் கேட்கும் அரசு, தன் பத்திரத்தை எழுத மறந்தது.

2025 ஏப்ரலில் இந்தியாவுடனும் ஐக்கிய அரபு அமீரகத்துடனும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. எந்தக் காணி, எத்தனை ஆண்டு, மாவட்ட மக்களுக்கு என்ன பங்கு என்பது கைமாற்றத்துக்கு முன்பே தமிழில் வெளியிடப்பட வேண்டும்.