எங்கள் பாட்டை அடுக்குவது யார்?



பாடல்கள் பெரும்பாலும் அவையே, பாடியவர்களும் அவர்களே. ஆனால் எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது, எதை நீக்குவது என்பதை மாற்றியதும் ஓர் இசைத்தொகுப்பு வேறொன்றாகி விட்டது. அந்தக் கதையை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உருவான 'பீற்றில்ஸ்' குழுவைப் பற்றி உங்களிற் சிலர் வானொலியிற் கேட்டிருப்பீர்கள். ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், றிங்கோ ஸ்டார் என்பவர்களே அந்த நால்வர். 1969 ஜனவரியில் இவர்கள் இலண்டனில் ஒரு புதிய தொகுப்பைத் தொடங்கினார்கள். எந்த மேற்பூச்சும் இல்லாமல், நால்வரும் ஒன்றாக இருந்து வாசித்துப் பாடுவதை அப்படியே பதிவுசெய்வதுதான் நோக்கம். ஆனால் குழுவுக்குள் பிணக்குகள் முற்றியிருந்தன. ஹரிசன் சில நாட்கள் விலகிப் போய்த் திரும்பி வந்தார். ஜனவரி 30 ஆம் திகதி தமது அலுவலகக் கட்டிடத்தின் கூரையில் நின்று பாடினார்கள். அதன்பின் அந்த ஒலிநாடாக்கள் ஒரு வருடத்துக்கு மேல் தேங்கிக் கிடந்தன.

1970 இல் அவை பில் ஸ்பெக்டர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளரிடம் கொடுக்கப்பட்டன. மக்கார்ட்னி பியானோ வாசித்து எளிமையாகப் பாடிய 'த லோங் அன்ட் வைன்டிங் றோட்' என்ற பாட்டின்மேல் அவர் 18 வயலின்களையும், ஹார்ப் என்னும் மேலைநாட்டு யாழையும், 14 பெண்களின் கூட்டுக்குரலையும் சேர்த்தார். பாட்டுக்குரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மக்கார்ட்னி ஏப்ரல் 14 ஆம் திகதி கடிதம் எழுதினார். வாத்திய ஒலியைக் குறைக்க வேண்டும், யாழை முற்றாக நீக்க வேண்டும், இனி ஒருபோதும் இப்படிச் செய்யக்கூடாது என்று கேட்டார். கேட்டது நடக்கவில்லை. மே 8 ஆம் திகதி 'லெற் இற் பீ' என்ற பெயரில் தொகுப்பு வெளிவந்தபோது குழுவே உடைந்து போயிருந்தது. அவ்வருட இறுதியில் கூட்டு வியாபாரத்தைக் கலைக்கும்படி மக்கார்ட்னி வழக்குத் தொடுத்தார். அதற்கு அவர் காட்டிய காரணங்களில் இந்தப் பாட்டுக்கு நேர்ந்ததும் ஒன்று.

பூச்சைப் போலவே ஒழுங்கும் பிழைத்திருந்தது. தொகுப்பின் தலைப்புப் பாட்டை எடுத்துப் பாருங்கள். மக்கார்ட்னியின் தாயார் மேரி, தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் வேலை செய்தவர். மகனுக்குப் 14 வயதாக இருக்கும்போது, 1956 இல், புற்றுநோயால் இறந்தார். பல வருடங்களின் பின், குழு குலைந்துகொண்டிருந்த நாட்களில், அவர் மகனின் கனவில் வந்து ஆறுதல் சொன்னார். அந்தக் கனவிலிருந்து பிறந்த பாட்டு அது. 1970 தொகுப்பில் அதற்கு முன்னால் 'டிக் இற்' என்ற விளையாட்டுத் துணுக்கும், அதன் முடிவில் லெனனின் கேலிக் குரலும் வருகின்றன. பாட்டு முடிந்ததும் 'மகி மே' என்ற பழைய கேலிப்பாட்டு வருகிறது. லிவர்பூலில் பாலியல் தொழில் செய்த ஒருத்தி மாலுமியிடம் திருடுவதைப் பற்றியது அது. தாயை நினைத்துப் பாடிய பாட்டு இரண்டு பகிடிகளின் நடுவே நிற்கிறது.

2003 நவம்பரில் அந்தத் தொகுப்பின் புதிய வடிவம் 'லெற் இற் பீ... நேக்கட்' என்று வந்தது. 'நேக்கட்' என்றால் போர்வை இல்லாதது என்று பொருள். வயலின்களும் யாழும் கூட்டுக்குரலும் போயின. அந்த இரண்டு துணுக்குகளும், இடையிடையே இருந்த பேச்சுகளும் நீக்கப்பட்டன. 1970 இல் விடுபட்டிருந்த லெனனின் 'டோன்ற் லெற் மீ டவுன்' உள்ளே வந்தது. 12 இருந்த இடத்தில் 11 ஆனது. முன்பு கடைசியில் இருந்த துள்ளலான 'கெற் பாக்' முதலாவதாகிக் கதவைத் திறந்தது. தாயின் பாட்டு கடைசிக்குப் போனது. அதன்பின் வருவது மௌனம் மட்டுமே.

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் புதியதுதான் சிறந்தது என்று சொல்வதில்லை. 1970 தொகுப்போடு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பகிடியும் பேச்சும் நால்வரும் ஒரே அறையில் இருந்ததற்கான அடையாளம். ஸ்பெக்டர் குறைபாடான பதிவுகளிலிருந்து நல்லதை உருவாக்கினார் என்று லெனனே பாராட்டியிருக்கிறார். புதியதும் முற்றிலும் போர்வையற்றதல்ல. இரண்டு தடவை பாடியதை வெட்டி ஒன்றாக ஒட்டிய பாட்டும் அதில் உண்டு. 2003 இல் லெனனும் ஹரிசனும் உயிருடன் இல்லை. என்னைப் பொறுத்தவரை புதிய ஒழுங்கே சிறந்தது. பாட்டுக்குரியவரின் குரல் அதில் மூடப்படாமல் கேட்கிறது.

எங்கள் பெண்களின் கதைகளும் இப்படித்தான் பலரால் அடுக்கப்படுகின்றன. ஆணைக்குழுவுக்கு வாக்குமூலம், உதவிக்கு விண்ணப்பம், நிறுவனத்துக்கு அறிக்கை என்று ஒரே துயரத்தைப் பல தடவை சொல்லியிருக்கிறோம். ஒரு தாய் முதலில் சொல்வது மகனின் பெயரும் அவனைக் கடைசியாகக் கண்ட இடமும். எழுதி முடித்த தாளில் கூரைத்தகடும் கடனும் முதலில் நிற்கும். மகன் ஐந்தாவது வரிக்குப் போயிருப்பான். அல்லது அவள் சொல்லாத சோகச் சொற்கள் வயலின்களைப் போல மேலே ஏற்றப்பட்டிருக்கும். எழுதியவர் நல்ல மனதோடுதான் செய்திருப்பார். என்றாலும் சொன்னவளின் குரல் அடியில் போய்விடுகிறது.

ஆகவே சகோதரிகளே, கையொப்பம் வைக்கு முன் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் சொன்னது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சொல்லாத சொல் இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். பிரதி ஒன்றைத் திகதியுடன் வாங்கி வையுங்கள். மாதர் சங்கங்களில் மற்றவர்களுக்காக எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளே, 'அக்கா, இந்த ஒழுங்கு சரியா?' என்று ஒரு தடவை கேளுங்கள்.

மக்கார்ட்னியின் பாட்டு அவர் விரும்பிய எளிமையோடு தொகுப்பில் வர 33 வருடங்கள் சென்றன. எங்கள் தாய்மாரிடம் அவ்வளவு காலம் இல்லை.