அவலம் நகையாவது பிழையோ?

அவல நாடகமொன்றை நகைநாடகமாக மாற்றிப் படைத்தல் மூலத்துக்கு இழைக்கப்படும் இழிவு என்னும் கருத்து, ஒப்பிலக்கியம் பயிலும் தமிழ்த்துறையினரிடையே ஏறத்தாழ முடிந்த முடிபாகவே வழங்கி வருகிறது. அமெரிக்க நாடகாசிரியர் ஜேம்ஸ் ஐம்ஸ் ஹாம்லெட்டை மறுபடைப்புச் செய்த 'ஃபேட் ஹாம்' 2022இல் புலிட்சர் பரிசு பெற்று, 2023இல் பிராட்வே அரங்கேறிய பின்னும் அக்கருத்து தளரவில்லை. அதன் அடிப்படையே பிழையானது.

முதற்கண், ஹாம்லெட் கலப்பற்ற அவலம் அன்று. ஐந்தாம் அங்கத்தில் ஒபீலியாவுக்குக் குழி தோண்டுவோர் மூலநூலிலேயே கோமாளிகள் என்றுதான் குறிக்கப்பட்டுள்ளனர். மன்னரையும் கோமாளியரையும் ஒரே மேடையில் கலப்பதைப் பிலிப் சிட்னி கண்டித்த நூல் 1595இல் அச்சேறியது. ஹாம்லெட் எழுந்ததோ அதன் பின்னர். அக்கண்டனத்தை ஷேக்ஸ்பியர் பொருட்படுத்தவில்லை என்பது வெளிப்படை. பொருட்படுத்தியவர் டேவிட் காரிக். 1772இல் அவர் குழிதோண்டுவோர் காட்சியை அறவே நீக்கி நாடகத்தைத் 'தூய்மை' செய்தார். மக்பெத் நாடகத்து வாயிற்காவலன் பேச்சு ஷேக்ஸ்பியர் எழுதியதே அன்று என்றார் கோல்ரிட்ஜ். ஆகவே, மூலத்தைச் சிதைத்தோர் யார் என வினவின், நகையைச் சேர்த்தோரினும் நகையை வெட்டியெறிந்த தூய்மைவாதியரே முன்னிற்பர்.

தமிழ்ப் புலமை மரபுக்கும் இவ்வெறுப்பு அயலானது. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாகவும் அழுகையை அடுத்ததாகவும் நிறுத்துகிறது. நகையின் நிலைக்களன்களுள் ஒன்று எள்ளல். அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்று இளிவு. தான் பிறரை எள்ளுவதால் வரும் நகை ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தன்னுள் எழும் நகை மற்றொன்று எனப் பேராசிரியர் பகுத்துக் காண்பார். பிறரால் இகழப்படுதல் என்னும் ஒரே நிகழ்ச்சி ஒருவனை அழவும் வைக்கும், நகவும் வைக்கும் என்பது இதனாற் பெறப்படும். (உலக இலக்கியம் அனைத்திற்கும் தொல்காப்பியமே ஊற்றுக்கண் என நிறுவும் வழக்கமான முயற்சி இதுவன்று, அத்தகைய கட்டுரைகள் போதுமான அளவு வந்துவிட்டன.)

ஐம்ஸின் நாடகம் இவ்விரண்டாம் வகை நகையின்மேல் நிற்கிறது. டென்மார்க்கு அரண்மனைக்கு மாற்றாக அமெரிக்கத் தென்பகுதியில் கறுப்பினக் குடும்பமொன்றின் வீட்டுப் பின்புறம். முடிசூட்டு விழாவுக்கு மாற்றாக இறைச்சி சுட்டுண்ணும் திருமண விருந்து. தலைவன் ஜூசி பருத்த உடலினன், மென்மையானவன், ஆணை விரும்பும் ஆண். இம்மூன்றுக்காகவும் வீட்டாரால் எள்ளப்படுபவன். அவன்முன் ஆவியாகத் தோன்றும் தந்தை பாப், ஹாம்லெட்டின் தந்தையைப் போல் மாண்புடைய மன்னன் அல்லன். கொலைக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டு அங்கேயே கொல்லப்பட்டவன். தன் தம்பி ரெவ்வைப் பழிவாங்குமாறு மகனை ஏவுகிறான். மதிக்கத்தக்க தந்தையின் ஏவலை மகன் தயங்கித் தயங்கி நிறைவேற்றுவது ஷேக்ஸ்பியரின் சிக்கல். தன்னை ஒருபோதும் மதியாத தந்தையின் ஏவலை மகன் ஏன் நிறைவேற்ற வேண்டும் என்பது ஐம்ஸின் வினா. இவ்வினாவை அவலக் குரலில் எழுப்பின் ஆவிக்குத் தகுதிக்கு மீறிய பெருமை கிட்டிவிடும். வன்முறையை ஆண்மையெனக் கைமாற்றித் தரும் தந்தையரின் பெருமிதத்தைக் குலைக்க எள்ளலே ஏற்ற கருவி.

இனி, முடிவை மாற்றியது பற்றிய தடை. 1681இல் நேகம் டேட் லியர் மன்னன் கதைக்கு மங்கல முடிவு கொடுத்ததையும், அச்சிதைவு ஒன்றரை நூற்றாண்டு மேடையை ஆண்டதையும் எடுத்துக்காட்டி, ஐம்ஸும் அவ்வழியினரே என்பர் சிலர். இத்தடை வலுவுடையதே. ஆயினும் டேட் மாற்றியது விடையை மட்டும்: நல்லோர் வாழவேண்டும் என்னும் அக்கால விருப்பத்துக்குக் கதையை வளைத்தார். ஐம்ஸ் வினாவையே மாற்றுகிறார். அவர் நாடகத்திலும் இறப்பு உண்டு. ரெவ் இறைச்சி தொண்டையில் அடைத்து மாள்கிறான். யாரும் கொல்லவில்லை என்பதே வேறுபாடு.

பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியபோது நாடு, பெயர், வழக்காறு அனைத்தும் மாறின. அதனைத் தமிழ்த்துறைகள் தழுவல் எனப் போற்றிப் பாடம் நடத்துகின்றன. இடத்தையும் மாந்தரையும் மாற்றலாம், மெய்ப்பாட்டை மட்டும் மாற்றலாகாது என்னும் விதி எந்நூலிற் கண்டது? அவ்விதியைக் கையாள்வோர் அதற்குரிய காரணத்தையும் கூறக் கடமைப்பட்டவர்.

ஹாம்லெட் முடியுமுன் பொலோனியஸ் தொடங்கி ஹாம்லெட் ஈறாக எண்மர் மாள்கின்றனர். ஐம்ஸின் மேடையில் ரெவ் மாண்டதும் எஞ்சியோர், இது அவலக் கதையாயிற்றே, இனி ஒருவரையொருவர் கொல்ல வேண்டுமோ எனத் தமக்குள் ஆராய்கின்றனர். பின்னர் வேண்டாவென விடுக்கின்றனர். ஒபீலியாவின் இடத்தில் நிற்கும் ஓப்பல் நீரில் மூழ்கவில்லை. லேயர்டீஸின் இடத்தில் நிற்கும் படைவீரன் லாரி வாளெடுக்கவில்லை, மின்னும் பெண்ணுடை புனைந்து ஆட வருகிறான்.